குளிர்காலக் கால்வாயில் குடிதண்ணீர்: நாரோபோட்டில் வசிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் கால்வாய்களில் கோடையில் தண்ணீர் பிடிப்பது ஒரு வேலையாகவே தெரியாது. போகிற வழியில் குழாய் வரும், படகைக் கட்டி ஹோஸ் பைப்பை மாட்டிவிட்டு டீ போட்டுக் குடித்து, பக்கத்துப் படகுக்காரரோடு நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் டேங்க் நிறைந்திருக்கும். நவம்பர் பிறந்தால் கதை மாறிவிடும். ஒரு நாள் குழாய் உறைந்திருக்கும். இன்னொரு நாள் குழாயில் தண்ணீர் வரும், ஆனால் நடுவில் இருக்கும் லாக்கை (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டியை) வற்றவைத்துப் பழுதுபார்த்துக்கொண்டிருப்பார்கள். சில வாரம் ஆறு பெருகி வழி அடைந்துபோகும். சில வாரம் கால்வாயே இறுகிப்போய் படகு கட்டின இடத்தில் நின்றுவிடும்.

நானும் என் மனைவியும் கிராண்ட் யூனியன் கால்வாயில் 57 அடி நீள நாரோபோட் ஒன்றில், அதாவது ஒடுக்கமான நீளப் படகு ஒன்றில், வசிக்கிறோம். முதல் குளிர்காலத்தில் டிரிங் என்ற ஊர்ப் பக்கம் ஒன்பது நாள் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டோம். அங்கே கால்வாய் ஒரு மைலுக்கு மேல் ஆழமாக வெட்டின பள்ளத்துக்குள்ளே போகிறது, இரண்டு பக்கமும் உயரமான கரையும் மரமும், அதனால் மற்ற இடங்களில் பனி உருகின பிறகும் அங்கே வெயில் எட்டாமல் கட்டி அப்படியே கிடந்தது. டேங்கில் கால்வாசிகூட இல்லை. அப்போது கற்றதையும், அதற்குப் பிறகு பழகினதையும் வரிசையாக எழுதுகிறேன். குளிர்காலத்தில் குழாய் எங்கே இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான், அங்கே எந்தத் தேதிவரை போக முடியும் என்பதுதான் மீதி. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

படி 1: உங்கள் டேங்க் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள்

நாரோபோட்டின் தண்ணீர் டேங்க் பெரும்பாலும் முன்பக்கத் தளத்துக்கு அடியில் இருக்கும். படகுக்குப் படகு கொள்ளளவு மாறும், 300 லிட்டரும் உண்டு, 700 லிட்டரும் உண்டு. விற்றவர் சொன்ன கணக்கை நம்பாதீர்கள். ஒருமுறை முழுக்கக் காலி ஆனபிறகு நீங்களே அளந்து நிரப்புங்கள். எப்படி அளப்பது? 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 40 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 15 லிட்டர். அந்தக் குழாயில் 500 லிட்டர் டேங்க் நிறைய அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். எல்லாக் குழாயும் இப்படி வேகமாகக் கொட்டாது, சிலவற்றில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டிவரும். ஆகவே ஒவ்வொரு குழாயின் வேகத்தையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில் அந்த நோட்டு மிகவும் உதவும்.

டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டர் எங்கள் படகில் இல்லை, தேவைப்படவும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 500 லிட்டர் என்றால் அரை டன், அதுவும் படகின் மூக்கிலே உட்கார்ந்திருக்கிறது. நிறைந்திருக்கும்போது மூக்கு தாழ்ந்திருக்கும், குறையக் குறைய மேலே எழும். நிறைந்த அன்று முன்பக்கத்தில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு பெயின்ட் கோடு, பாதியில் ஒன்று, காலியில் ஒன்று போட்டுவிட்டால் போதும். கரையில் நின்று ஒரு பார்வை பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இனி செலவு. இங்கிலாந்தில் வீட்டில் இருக்கும் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 140 லிட்டர் அளவில் செலவழிக்கிறார் என்பார்கள். படகில் அது கட்டுப்படியாகாது. எங்கள் இருவருக்கும் குடிக்கவும் சமைக்கவும் 10 லிட்டர், பாத்திரத்துக்கு 10, குளியலுக்கு ஆளுக்கு 15, ஆகமொத்தம் 50 லிட்டர். 500 லிட்டர் டேங்க் பத்து நாள் வரும். இந்தக் குளியல் கணக்கைப் பார்த்து இங்குள்ள நண்பர்கள் ஆச்சரியப்படுவார்கள், ஏனென்றால் ஷவரைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் 30 லிட்டர் ஓடிவிடும். நாங்கள் வளர்ந்தது சென்னையில், லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த தெருவில். ஒரு வாளி வெந்நீர், ஒரு மக், அவ்வளவுதான். கரியடுப்பின் மேல் பெரிய கெட்டில் எப்போதும் சூடாக இருப்பதால் வெந்நீருக்குத் தனிச் செலவும் இல்லை. பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் பாதியாகக் குறையும். படகில் வாஷிங் மெஷின் இருந்தால் டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை அதைத் தொடாதீர்கள், ஒரு தடவை துவைப்பது ஒரு நாள் தண்ணீரை அப்படியே விழுங்கிவிடும். ஊருக்குள் லாண்டரி இருக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு விதி: குளிர்காலத்தில் பாதிக்கோட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கோடையில் கால் டேங்க் வரை காத்திருக்கலாம். ஜனவரியில் பாதி என்பதே காலி.

படி 2: குழாய்களைக் கண்டுபிடியுங்கள், எது யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் கால்வாயும் ஆறும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் பொறுப்பில் இருக்கின்றன. 2012 ஜூலையில் பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து கைமாறியது. வாட்டர் பாயின்ட், குப்பைத்தொட்டி, கழிவறைத் தொட்டியைக் கொட்டும் எல்சன் எல்லாம் எங்கெங்கே என்று அவர்களுடைய இணையதள வரைபடம் காட்டும். ஸ்காட்லாந்தில் ஸ்காட்டிஷ் கெனால்ஸ். தேம்ஸ் நதியில் கடல் ஏற்றவற்றம் எட்டாத மேல்பகுதி என்விரான்மென்ட் ஏஜென்சியிடம். நார்ஃபோக் பக்கத்தில் ஏரியும் ஆறுமாக இருக்கும் பிராட்ஸ் பகுதிக்குத் தனி நிர்வாகம், அங்கே குளிர்காலத்தில் படகுத்துறைகளின் குழாயை அடைத்துவிடும் இடங்கள் நிறைய. எனவே கோடையில் வாடகைப் படகில் போன அனுபவத்தை வைத்துக் குளிர்காலத்தில் பிராட்ஸுக்குப் போகாதீர்கள், முதலில் போன் செய்து கேளுங்கள்.

வரைபடத்தில் குழாய்ப் படம் இருப்பதாலேயே தண்ணீர் வந்துவிடாது. உடைந்த குழாய், அடைத்த குழாய் பற்றியெல்லாம் டிரஸ்டின் அறிவிப்புப் பக்கத்தில் போடுவார்கள், நீங்கள் இருக்கும் கால்வாயின் பெயரைக் கொடுத்து மின்னஞ்சலில் வரும்படி பதிந்துகொள்ளுங்கள். அதைவிட நம்பகமானது எதிரே வரும் படகு. இரண்டு படகு ஒன்றையொன்று கடக்கும் அந்த அரை நிமிடத்தில் “மேலே குழாயில் தண்ணீர் வருகிறதா?” என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பல இடங்களில் குழாய் பூட்டின பெட்டிக்குள்ளோ சேவைக் கட்டடத்துக்குள்ளோ இருக்கும். வாட்டர்மேட் சாவி என்கிற ஒரே சாவி டிரஸ்டின் எல்லா இடத்துக்கும் பொருந்தும். இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீரில் மிதக்கும் கார்க் உருண்டை கோத்துவிடுங்கள், ஏனென்றால் விரல் மரத்துப்போன குளிரில் சாவி கைதவறுவது மிகவும் சாதாரணம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். எல்சன் பக்கத்தில் கழிவறைத் தொட்டியை அலச ஒரு குழாய் இருக்கும், அது குடிநீர்க் குழாய் அல்ல. தண்ணீர் அதே மெயினிலிருந்து வரலாம், ஆனால் அந்தக் குழாய் வாயில் யார் யார் என்னென்ன தொட்டியை முட்டவைத்துக் கழுவினார்களோ தெரியாது. குடிநீர்க் குழாய் உறைந்து இது மட்டும் ஓடினால்கூட டேங்குக்கு இதிலிருந்து பிடிக்காதீர்கள்.

படி 3: மூடப்படும் லாக்குகளின் பட்டியலை நவம்பருக்கு முன்பே பாருங்கள்

கால்வாயைப் பழுதுபார்க்கும் பெரிய வேலைகளைக் குளிர்காலத்தில்தான் செய்வார்கள், படகுப் போக்குவரத்து குறைவாக இருக்கும் என்பதால். நவம்பரிலிருந்து மார்ச் வரை எந்த லாக் எந்தத் தேதியில் மூடப்படும் என்று டிரஸ்ட் முன்கூட்டியே வெளியிடும். இங்குள்ளவர்கள் இதை ஸ்டாப்பேஜ் என்பார்கள். ஆறு வாரம்கூட ஒரு லாக் மூடியிருக்கலாம்.

ஒரு பெரிய தாளில் உங்கள் கால்வாயைக் கோடாகப் போடுங்கள். குழாய்களை நீலப் புள்ளியாக, மூடும் லாக்குகளைச் சிவப்புக் குறுக்குக் கோடாகத் தேதியோடு எழுதுங்கள். இரண்டு சிவப்புக் கோட்டுக்கு நடுவில் நீலப் புள்ளியே இல்லாத துண்டு ஒன்று கண்ணில் படும். அங்கே போய் நிற்கக் கூடாது. ஒரே ஒரு நீலப் புள்ளி இருந்தால் அதுவும் ஆபத்துதான், அது உறைந்துவிட்டால் வேறு வழி இல்லை. இரண்டு குழாய் இருக்கும் துண்டாகப் பார்த்து உள்ளே போங்கள்.

சொந்தத் துறை இல்லாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பவர்கள் 1995-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்க முடியாது. பனிக்கட்டியாலோ மூடின லாக்காலோ நகர முடியாமல் போனால் டிரஸ்டுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், நியாயமான காரணத்துக்கு அனுமதி கிடைக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி முடிய ஓரிடத்திலேயே நிற்கக் குளிர்காலத் துறை அனுமதியும் காசுக்குக் கிடைக்கிறது. அதை வாங்குவதென்றால் அழகான இடத்தைப் பார்க்காதீர்கள், குழாய்க்கு நடந்துபோகும் தூரத்தைப் பாருங்கள். கால் மைலுக்குள் குழாய் இருந்தால் அந்தக் குளிர்காலம் நிம்மதி.

ஆறு கலக்கும் வழித்தடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கென்னட் அண்ட் ஏவனில் சில துண்டுகள் கால்வாய், சில துண்டுகள் ஆறே. சோர், டிரென்ட், செவர்ன், லீ எல்லாமே மழைக்குப் பெருகும். ஆற்றுப் பகுதிக்குள் நுழையும் இடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நீர்மட்டப் பலகை இருக்கும். சிவப்பில் இருந்தால் போகக் கூடாது. தேம்ஸில் லாக் வாசலில் சிவப்புப் பலகை வைத்தால் நீரோட்டம் கடுமையாக இருக்கிறது என்று பொருள். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பதற்காகப் பெருகின ஆற்றில் படகை இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். அணைக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனால் எஞ்சினால் திருப்ப முடியாது. இரண்டு கேன் தண்ணீரைத் தோளில் சுமந்து வரலாம், உயிரைச் சுமந்து வர முடியாது.

படி 4: உறைபனி வருவதற்கு முந்தின நாள் நிரப்புங்கள்

ஐந்து நாள் வானிலையைத் தினமும் காலையில் பாருங்கள். இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே தொடர்ந்து மூன்று இரவு காட்டினால், டேங்க் முக்கால் இருந்தாலும் போய் நிரப்பிவிடுங்கள். மேகமில்லாத அமைதியான இரவுதான் மோசமானது, காற்று இருந்தால் நீர்ப்பரப்பு சீக்கிரம் உறையாது. கால்வாய் ஆறு மாதிரி ஓடாது, அதனால் ஆற்றுக்கு முன்பே இறுகும். முதல் இரவு மெல்லிய தோல் போலப் படியும், இரண்டாம் இரவு அதன் மேல் கனம் ஏறும், மூன்றாம் நாள் காலையில் நடுவில் வாத்து நடந்துபோகும்.

எல்லாக் குளிர்காலமும் கடுமையாக இருக்காது, பல ஆண்டு இரண்டு மூன்று நாள் உறைபனியோடு போய்விடும். ஆனால் 2010 டிசம்பர், 1910-இலிருந்து இருக்கும் பிரிட்டன் பதிவுகளிலேயே மிகக் குளிர்ந்த டிசம்பர், அப்போது படகுகள் வாரக்கணக்கில் நின்றுபோயின. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் மாதக்கணக்கில் உறைந்து, நாரோபோட்டில் சரக்கு ஏற்றும் தொழிலே கிட்டத்தட்ட அதோடு முடிந்தது. அதற்கு முந்தைய காலத்தில் பனி உடைக்கவென்றே தனிப் படகு வைத்திருந்தார்கள். குதிரைகள் கரையிலிருந்து இழுக்க, படகின் நடுவில் இருக்கும் கம்பியைப் பிடித்தபடி ஆட்கள் வரிசையாக நின்று இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டிப் பனியை நொறுக்குவார்கள். இப்போது அப்படி யாரும் வரமாட்டார்கள். உங்கள் டேங்கில் இருப்பதுதான் உங்களுக்கு.

படி 5: குழாயடியில் செய்ய வேண்டியவை

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் போய்ச் சேருங்கள். இரவில் உறைந்த குழாய் பெரும்பாலும் அந்நேரம்தான் இளகும், அதுவும் தெற்குப் பார்த்த சுவரில் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஹோஸ் பைப்பைப் படகுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருங்கள். கூரைமேல் சுருட்டிப் போட்டிருந்தால் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் உறைந்து பைப் முழுக்கக் குச்சி போல நிற்கும், அதை வளைத்தால் பிளந்துவிடும். குடிநீருக்கென்று விற்கும் பைப்பையே வாங்குங்கள், தோட்டத்துப் பைப்பில் ரப்பர் வாடை ஏறும். 15 மீட்டர் நீளத்தில் இரண்டு வைத்துக்கொண்டால் குழாய்க்கு நேரே இடம் கிடைக்காதபோதும் சமாளிக்கலாம். குழாய் வாய் அரை அங்குலமா முக்கால் அங்குலமா என்பது இடத்துக்கு இடம் மாறும், இரண்டுக்கும் இணைப்பான் தேவை. பித்தளையில் வாங்குங்கள், பிளாஸ்டிக் குளிரில் வெடிக்கிறது. சில குழாயில் மரை தேய்ந்து எதுவும் பிடிக்காது, அதற்குக் கிளிப் போட்டு இறுக்கும் ரப்பர் வாய் ஒன்று இருக்கட்டும்.

பைப்பை மாட்டுவதற்கு முன் குழாயை ஒரு நிமிடம் திறந்து விடுங்கள். குழாயின் வாயை முதலில் சுத்தமான துணியால் துடையுங்கள். பிறகு பைப்பை மாட்டி அதையும் அரை நிமிடம் அலசிவிட்டுத்தான் டேங்கில் விட வேண்டும். பைப்பின் நுனி கால்வாயில் விழுந்துவிட்டால் நன்றாகக் கழுவாமல் டேங்க் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நாரோபோட்டுகளின் குளியல் தண்ணீரும் பாத்திரத் தண்ணீரும் நேரே கால்வாய்க்குத்தான் போகின்றன, எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் அபாயமும் இருக்கிறது.

குழாய் உறைந்திருந்தால்? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றாதீர்கள், உலோகம் விரிசல் விடும். ஒரு பழைய துண்டைக் குழாயில் சுற்றி அதன்மேல் கை பொறுக்கும் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், வாயிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி. வெந்நீர்ப் பையைக் கட்டிவைத்தாலும் நடக்கும், பத்து நிமிடம் பொறுமையாக இருந்தால் போதும். கேஸ் டார்ச்சால் சூடு காட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அது குழாயின் வாஷரை உருக்கி எல்லோருக்கும் தண்ணீர் இல்லாமல் செய்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இளகவில்லை என்றால் தரைக்கு அடியில் உறைந்திருக்கிறது, விட்டுவிட்டு அடுத்த குழாயைப் பாருங்கள்.

நிரம்பினபின் பைப்பை உடனே கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே விட்டால் குழாய்க்குள் தண்ணீர் தங்கி உறைந்து அதைப் பிளக்கும். பைப்பின் ஒரு முனையிலிருந்து தொடங்கித் தோள்மேல் போட்டபடி நடந்து மறுமுனைவரை தண்ணீரை வடித்துவிட்டுச் சுருட்டுங்கள். சொட்டுகிற குழாயை இறுக்கி மூடுங்கள். கீழே கொட்டின தண்ணீர் ராத்திரியில் கண்ணாடியாகும், மறுநாள் காலையில் ஒரு முதியவர் அதில் கால் வைப்பார். நான் ஒரு சின்னப் பையில் மணல் வைத்திருக்கிறேன், போகும்போது குழாயடியில் ஒரு கை தூவிவிட்டுப் போவேன்.

பின்னால் இன்னொரு படகு காத்திருந்தால் முழுக்க நிரம்பும்வரை நிற்காமல் பாதியில் விட்டுக்கொடுத்து மறுபடி பிடித்துக்கொள்வது இங்கே நல்ல பழக்கம். குளிர்காலத்தில் இதைச் செய்தவர்களை யாரும் மறப்பதில்லை. மறுவாரம் அவர்கள்தான் உங்களுக்குக் கேன் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

படி 6: பனிக்கட்டியில் படகை நகர்த்தலாமா?

மெல்லிய தோலாக இருக்கும்போது இரும்புப் படகு போய்விடும், சத்தம் மட்டும் பயங்கரமாக இருக்கும். ஆனால் உங்கள் படகின் அடிப்பாகத்தில் துருப்பிடிக்காமல் பூசியிருக்கும் கறுப்புப் பூச்சை நீர்மட்டத்தில் பனிக்கட்டி சுரண்டி எடுத்துவிடும். அதைவிட முக்கியம், கரையில் கட்டியிருக்கும் ஃபைபர்கிளாஸ் படகுகள். நீங்கள் தள்ளிவிடும் பனித்தகடு கத்தி முனைபோல அவற்றின் பக்கவாட்டில் இடிக்கும், ஓட்டை போடவும் செய்யும். மரப்படகுக்கும் இதே கதி. ஆகவே வரிசையாகப் படகு கட்டியிருக்கும் இடத்தில் பனியை உடைத்துக்கொண்டு போகாதீர்கள். தண்ணீருக்காகத்தான் போகிறேன் என்றாலும் கூடாது. கேன் எடுத்துக்கொண்டு நடந்து போங்கள்.

படி 7: நகர முடியாதபோது தண்ணீரைக் கொண்டுவருவது

எங்கள் ஒன்பது நாளும் இப்படித்தான் போயின. 25 லிட்டர் கேன் வாங்காதீர்கள் என்பது என் அனுபவம், 25 கிலோவை வழுக்குகிற கரைப்பாதையில் ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. 10 லிட்டர் கேன் இரண்டு, கைக்கு ஒன்று, உடல் சமமாக நிற்கும். காரவான்காரர்கள் பயன்படுத்தும் அக்வாரோல் என்கிற உருட்டுப் பீப்பாய் 40 லிட்டர் பிடிக்கும், கைப்பிடியை மாட்டித் தரையில் உருட்டிக்கொண்டே வரலாம். கரைப்பாதை கெட்டியாக இருந்தால் இதைப்போல வேறொன்று இல்லை, சேறாக இருந்தால் சக்கரம் வைத்த தள்ளுவண்டிதான் சரி. ஒருநாள் ஒரு பெரியவர் தன் பேரப்பிள்ளைகளின் பனிச்சறுக்குப் பலகையைக் கொண்டுவந்து கேனை அதன்மேல் வைத்து இழுத்துக் காட்டினார், அன்றிலிருந்து எங்கள் கூரைமேல் ஒன்று இருக்கிறது.

எங்கே பிடிப்பது? அருகிலிருக்கும் மரினாவில் (படகுகள் நிறுத்தும் தனியார் துறையில்) கேளுங்கள், டீசலோ கரியோ வாங்கினால் தண்ணீர் மறுக்க மாட்டார்கள், காசு கேட்டாலும் கொடுத்துவிடலாம். கால்வாயோர பப்பில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுச் சமையலறைக் குழாயில் இரண்டு கேன் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டால், எங்களுக்கு ஒருதடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. தேவாலயத் தோட்டக் குழாய்களைக் குளிர்காலத்தில் பெரும்பாலும் அடைத்துவிடுவார்கள், அதை நம்பிப் போக வேண்டாம். உள்ளூரில் வேலைக்குப் போகிறவர் என்றால் அலுவலகத்திலிருந்து தினம் ஐந்து லிட்டர் கொண்டுவாருங்கள். குடிக்க மட்டும் கடையில் பாட்டில் வாங்கிக்கொண்டால் டேங்கில் இருப்பது கழுவவும் குளிக்கவும் நீண்ட நாள் வரும்.

கேனைப் படகுக்குள் வைக்கும்போது முழுக்க நிரப்பாதீர்கள். தண்ணீர் உறைந்தால் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பருக்கும். வெளியே வைத்த நிறைகேன் காலையில் பிளந்து கிடக்கும்.

கரைப்பாதையில் போகும்போது கைகள் இரண்டிலும் பாரம் இருப்பதால் விழுந்தால் ஊன்ற முடியாது. லாக் கதவின்மேல் கேனோடு கடக்கவே கடக்காதீர்கள், சுற்றிப் பாலத்தில் போங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். தனியாகப் போனால் பக்கத்துப் படகில் சொல்லிவிட்டுப் போங்கள், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். உறைகிற தண்ணீரில் விழுந்தால் முதல் அதிர்ச்சியிலேயே மூச்சு தாறுமாறாகிவிடும், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் முதல் நிமிடத்தில் நீந்த முடியாமல் போகலாம்.

படி 8: படகுக்குள் இருக்கும் தண்ணீரைக் காப்பாற்றுங்கள்

கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த தண்ணீர் ராத்திரியில் படகின் அடித்தட்டுக்குப் போய்விட்டால் எப்படி இருக்கும்? எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினோம், படகு குளிர்ந்து கிடந்தது, வந்ததும் பம்ப் சுவிட்சைப் போட்டேன். ஷவருக்குப் பின்னால் உறைந்து வெடித்திருந்த இணைப்பு வழியாகப் பம்ப் தன் வேலையைச் சரியாகச் செய்து டேங்க் முழுவதையும் தரைக்கு அடியில் கொட்டிவிட்டது.

டேங்க் சாதாரணமாக உறையாது, அது கால்வாய் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் படகின் இரும்போடு ஒட்டி இருப்பதால் கால்வாயின் சூடு அதைக் காக்கும். உறைவது டேங்குக்குப் பிறகு வரும் பைப்புகள்தான். முக்கியமாக ஷவர் கலப்புக் குழாய், வெளிச்சுவரை ஒட்டி ஓடும் பைப், எஞ்சின் அறையில் இருக்கும் வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் பைப். பைப்புகளுக்கு நுரைக் கவசம் மாட்டுங்கள், ராத்திரியில் சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், அடுப்பை அணையவிடாதீர்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை மட்டும் அடைக்காதீர்கள், கரியடுப்புப் புகை உயிரெடுக்கும், கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.

ஓரிரவுக்கு மேல் படகை விட்டுப் போவதென்றால் பம்பை அணைத்து, எல்லாக் குழாயையும் திறந்து, ஷவர் குழாயைக் கீழே தொங்கவிட்டு, வெந்நீர்த் தொட்டியையும் பைப்பையும் வடித்துவிட்டுப் போங்கள். ஃபில்டர் இருந்தால் அதன் உள்பகுதியைக் கழற்றி உறையாத இடத்தில் வையுங்கள், பீங்கான் வகை ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டுவிடும், பிறகு அது எதையும் வடிகட்டாது.

படி 9: கால்வாய்த் தண்ணீரை என்ன செய்யலாம்?

குடிக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், டீசலும் மற்ற ரசாயனமும் அப்படியே இருக்கும். லாங்கோலன் கால்வாய் டீ (Dee) என்ற ஆற்றிலிருந்து ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊர்களுக்குக் குடிநீர் ஆகிறது. க்ளாஸ்டர் அண்ட் ஷார்ப்னெஸ் கால்வாய்த் தண்ணீர் பிரிஸ்டலுக்குப் போகிறது. அப்படியிருந்தும் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டின பிறகுதான் அது குடிநீர், உங்கள் ஜன்னலுக்கு வெளியே இருக்கும்போது அல்ல. தளத்தைக் கழுவ, சேற்று பூட்ஸை அலச ஒரு வாளி மொண்டுகொள்ளுங்கள், அந்த அளவு டேங்க் தண்ணீர் மிச்சம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். கூரைமேல் விழும் பனியை உருக்குவதும் இதே கழுவும் வேலைக்குத்தான், ஒரு வாளி பனி உருகினால் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் இருக்கும்.

படி 10: பனி உருகின அன்று

எல்லோருக்கும் அன்றைக்குத்தான் அவசரம். ஒரே குழாயடியில் நாலு படகு நிற்கும். நீங்கள் முதலில் உள்ளே பாருங்கள். பம்ப் அணைந்திருக்கட்டும். எல்லாக் குழாயையும் மூடுங்கள், தரைப்பலகை ஒன்றைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு பம்பைப் போட்டுவிட்டு ஒருவர் சுவிட்சில் கை வைத்தபடியே நிற்கட்டும். பம்ப் சில விநாடி ஓடி அழுத்தம் ஏறினதும் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாலோ, குழாய் மூடியிருக்கும்போது விட்டு விட்டுத் துடித்தாலோ எங்கோ கசிகிறது, உடனே அணைத்துவிட்டுத் தேடுங்கள். பிறகு கேன்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். பழுதான குழாய் எங்காவது பார்த்திருந்தால் அது எந்தப் பாலத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் என்று டிரஸ்டுக்குச் சொல்லிவிடுங்கள், பின்னால் வருபவர் அந்தக் குழாயை நம்பித்தான் வந்துகொண்டிருப்பார். அதற்குப் பிறகு ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போகலாம்.